மழையே இல்லாத நாளில் ‘ஃப்ளட்’ எப்படி வரும்?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கப்பல் வேலைக்கான படிப்பில் சேர்ந்திருக்கிறார். பாடப் புத்தகத்தில், ‘ஃப்ளட் காலை 4.10க்குத் தொடங்கும்’ என்கிற மாதிரி ஒரு வரி வந்திருக்கிறது. கையில் இருந்த அகராதியைப் புரட்டினால் ‘ஃப்ளட் – வெள்ளம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. ‘சித்திரை வெயிலில், ஒரு பொட்டு மழை இல்லாத நாளில், வெள்ளம் எப்படி மணி பார்த்து வரும்? அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள், எங்கிருந்து வந்தது?’ என்பது கேள்வி. இரண்டு ‘ஓ’ போட்டு எழுதிவிட்டு ஏன் ‘ஃப்ளூட்’ என்று சொல்வதில்லை என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் தேவிபட்டினத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இந்தச் சொல்லுக்கான சரியான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எங்கள் ஊர்க் கடலில் நிற்கிற நவபாஷாணக் கற்கள்தான் அதை எனக்குக் காட்டின. சின்ன வயதில் அமாவாசை விடியலில் அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவேன். போகும்போது கல்லின் கீழ்ப்பகுதி பாசி பிடித்துப் பச்சையாகத் தெரியும், சிப்பி ஒட்டியிருப்பதைக் கூட எண்ணலாம். முழுகி எழுந்து, ஈரத் துணியோடு திரும்பிப் பார்த்தால் அந்தப் பச்சையில் பாதியைக் காணோம். அலை அடித்த மாதிரியும் இல்லை, சத்தமும் இல்லை. “தண்ணி ஏறுதுடா” என்பார் அப்பத்தா. சில கல் முழுகியே போகும். பிறகு வத்தும்போது மறுபடி தலை காட்டும்.

அந்த ஏறுகிற தண்ணீருக்கு ஆங்கிலத்தில் ஃப்ளட் என்று பெயர். இறங்குகிற தண்ணீருக்கு ‘எப்’. உங்கள் புத்தகத்தில் இருப்பது இந்தப் பொருள்தான்.

இதை யாரோ பிற்காலத்தில் சேர்த்த துறைச்சொல் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்களில் இதுவும் ஒன்று. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் கடல் ஏறி இறங்குவதற்குப் பொதுவான தனிப்பெயரே இருந்ததாகத் தெரியவில்லை. ஏறினால் ‘ஃப்ளோட்’, இறங்கினால் ‘எப்பா’, அவ்வளவுதான். இன்று நாம் சொல்கிற ‘டைட்’ அந்தக் காலத்தில் ‘நேரம்’ என்ற பொருளில் இருந்தது. ஜெர்மன் மொழியில் நேரத்துக்கு ‘ட்ஸைட்’ என்பார்கள், அதன் உடன்பிறப்பு இது. ‘டைமும் டைடும் யாருக்கும் காத்திருக்காது’ என்ற பழமொழியை நானே பல வருடம் ‘காலமும் கடலலையும்’ என்று விளக்கியிருக்கிறேன். அந்த ‘டைட்’ முதலில் குறித்தது பருவத்தை, வேளையை. கடலேற்றம் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அதில் வந்து சேர்ந்தது.

சான்று வேண்டுமென்றால் ஒரு போர்க்களத்தைச் சொல்கிறேன். 991ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையில் மால்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடல்வழி வந்த வைக்கிங் படையும் உள்ளூர்ப் படையும் மோதிக்கொண்டன. வந்தவர்கள் ஒரு தீவில் நிற்கிறார்கள். கரைக்கும் தீவுக்கும் நடுவே தண்ணீர் வத்தினால் மட்டும் தெரிகிற ஒரு நடைபாதை. இரண்டு படையும் எதிரெதிரே நின்று கடல் வத்துவதற்காகக் காத்திருக்கின்றன. அந்தப் போரைப் பாடிய பழம்பாட்டில், ‘எப்புக்குப் பிறகு ஃப்ளோட் ஓடி வந்தது’ என்று ஒரு வரி. அங்கே யார் வீட்டிலும் தண்ணீர் புகவில்லை. வழக்கமான கடலேற்றம் வந்து பாதையை மூடியது, அவ்வளவுதான். இன்றைக்கும் ஜெர்மானியர் கடலின் ஏற்ற இறக்கத்தை ‘எபெ, ஃப்ளூட்’ என்றும் டச்சுக்காரர் ‘எப், ஃப்லூட்’ என்றும் அன்றாடப் பேச்சில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அது மாலுமிகளோடு ஒதுங்கிவிட்டது.

தேர்வுக்காக ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளட் என்பது தண்ணீரின் நகர்ச்சி. ஏறி முடித்து நிற்கிற உயரத்துக்கு ‘ஹை வாட்டர்’ என்று வேறு பெயர். பையன்கள் பெரும்பாலும் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிற பெரிய ஏற்றம் ‘ஸ்பிரிங் டைட்’. வசந்தகாலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, துள்ளி எழுவது என்ற பொருளில் வந்த பெயர். நம் பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் மொத்தமாகவே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதோடு பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தைக் காற்றும் சேர்ந்து தீர்மானிக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது ஒரு பக்கம், வாடை வீசும்போது இன்னொரு பக்கம். அதனால் புத்தகத்தில் ஃப்ளட் பற்றிப் படிப்பதை அப்படியே உங்கள் வீட்டு வாசலில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, இனி வேருக்கு வருவோம். ‘ஃப்ளோ’ என்றால் ஓடு, பெருகு. நாம் ‘பெருகு’ என்பதிலிருந்து ‘பெருக்கு’ செய்கிற மாதிரி அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ஃப்ளட். இதன் மூல வேரை ‘ப்லெவ்’ என்று எழுதலாம். ஓடுவது, மிதப்பது, நீந்துவது எல்லாம் அதற்குள் அடக்கம். மிதப்பதற்கு இன்று சொல்கிற ‘ஃப்ளோட்’, கப்பல் கூட்டத்துக்கான ‘ஃப்ளீட்’ இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆங்கிலமும் சம்ஸ்கிருதமும் ஒரே மூல மொழியிலிருந்து கிளைத்தவை என்பதால் இந்த வேர் சம்ஸ்கிருதத்திலும் இருக்கிறது. ‘ப்லவ’ என்றால் மிதப்பது, தெப்பம். 2021 சித்திரையில் பிறந்த தமிழ் வருடத்துக்குப் ‘பிலவ’ என்று பெயர் போட்டுப் பஞ்சாங்கம் வந்ததே, அதே சொல்தான். இதே வேருக்குத் தாவுவது என்ற பொருளும் உண்டு. அதனால் தாவிச் செல்கிற குரங்குக்குப் ‘ப்லவங்க’ என்று பெயர். 2027 சித்திரையில் பிறக்கப்போவது பிலவங்க வருடம். சேதுக்கரையிலிருந்து கடலைத் தாண்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, குரங்கும் தெப்பமும் ஆங்கில ஃப்ளட்டும் ஒரே வேரில் நிற்பதைப் பார்க்க மனது நிறைந்துவிடுகிறது.

‘ப’ எப்படி ‘ஃப’ ஆயிற்று என்று கேட்பீர்கள். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822இல் இதை விதியாகவே எழுதிவைத்தார். பிதா ஃபாதர், பாதம் ஃபுட், பஞ்ச ஃபைவ், பூர்ண ஃபுல். மூல மொழியில் ‘ப’ என்று தொடங்கிய சொற்கள் ஆங்கிலம், ஜெர்மன் கிளையில் ‘ஃப’ ஆகிவிடும். ப்லவவும் ஃப்ளட்டும் இந்த வரிசையில் சேர்ந்தவை.

இந்த இடத்தில் ஓசையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ‘ஃப்ளூயிட்’, ‘ஃப்ளூயன்ட்’ எல்லாம் லத்தீனின் ‘ஃப்ளுவெரெ’ என்ற வினையிலிருந்து வந்தவை. அதற்கும் ஓடுவது என்றே பொருள். ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று, ஆனால் ஃப்ளட்டுக்கு அது உறவே இல்லை. சகோதரனைப் பாருங்கள்: சம்ஸ்கிருதத்தில் மூச்சை அழுத்திச் சொல்கிற ‘ப’வோடு ‘ப்ராதா’, லத்தீனில் ‘ஃப்ராத்தெர்’, ஆங்கிலத்தில் ‘ப்ரதர்’. லத்தீனில் ‘ஃப’வில் தொடங்குகிற இப்படிப்பட்ட சொல்லுக்கு ஆங்கில உடன்பிறப்பு ‘பஸ்’ என்பதில் வருகிற மெல்லிய ‘ப’வில் தொடங்கியாக வேண்டும். ஃப்ளட் அப்படித் தொடங்கவில்லையே. ‘பிரளய’மும் அப்படித்தான். பார்த்தால் ப்லவ மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ‘லயம்’, கரைந்து ஒன்றிவிடுவது. வெள்ளத்தையும் ஃப்ளட்டையும் முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் மேல் உள்ள பாசம் புரிகிறது, ஆனால் ஓசை ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. இரண்டு சொல்லும் தனித்தனியாகவே பெருமையோடு நிற்கக்கூடியவை.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பினர் கறிக்கடையில் இருக்கிறார். ஆட்டை உரித்து உள்ளுறுப்புகளை வாளித் தண்ணீரில் போடும்போது கவனித்திருப்பீர்கள். ஈரல் நேராக அடியில் போய் உட்காரும், வெளிறிய இளஞ்சிவப்பில் நுரையீரல் மட்டும் மேலே மிதக்கும். பழைய கிரேக்கர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் நுரையீரலுக்கு ‘ப்லெவுமோன்’, மிதப்பது, என்று பெயர் வைத்தார்கள். பிறகு மூச்சைக் குறிக்கிற ‘ப்நெ’ என்ற ஓசை அதில் கலந்து ‘ப்நெவுமோன்’ ஆயிற்று. நாம் ஆஸ்பத்திரியில் கேட்கிற நிமோனியா அதிலிருந்து வந்ததுதான். அவர்கள் அது மிதப்பதைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அதன் நுரையைப் பார்த்தார்கள்.

உச்சரிப்புக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளட், குட், ஃபுட் (உணவு) மூன்றும் ஒரு காலத்தில் நீண்ட ‘ஓ’ ஓசையோடு இருந்தவை. அந்த ‘ஓ’ மெல்ல ‘ஊ’ ஆயிற்று. உணவுச் சொல்லில் ‘ஊ’ இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஃப்ளட், ப்ளட் இரண்டிலும் அது சீக்கிரமே ‘உ’ என்று குறுகியது. அப்புறம் ‘கட்’, ‘பட்’ போன்ற சொற்களில் இருந்த ‘உ’க்கள் எல்லாம் ‘அ’ பக்கம் நகர்ந்தபோது இவையும் கூடவே போய்விட்டன. ‘குட்’ தாமதமாகக் குறுகியதால் அந்த நகர்ச்சியில் சேராமல் ‘உ’வோடு நின்றுவிட்டது. எழுத்து மட்டும் பழைய ‘ஓ’வை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

அழிவு என்ற பொருள் எப்போது முன்னுக்கு வந்தது? அதுவும் தொடக்கத்திலிருந்தே கூடவே இருந்ததுதான். நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தைச் சொல்லவும் பழைய ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் போட்டார்கள். ஆறு, கடல், கடலேற்றம், கரை மீறிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சொல் தாங்கியிருந்தது. மற்ற வேலைகளை வேறு சொற்கள் எடுத்துக்கொள்ள, கடைசியில் கரை மீறியது மட்டும் பொதுப்பேச்சில் தங்கியது. அங்கிருந்து கண்ணீர் ஃப்ளட், கடிதங்கள் ஃப்ளட், மைதானத்து ஃப்ளட் லைட் என்று அளவுக்கு மிஞ்சி வருவதெல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

இனி நம் வெள்ளத்தைப் பாருங்கள். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்ற 595ஆம் குறளில் யாருடைய வீடும் முழுகவில்லை. குளத்து நீர் எவ்வளவோ அவ்வளவு பூவின் தண்டு, அவ்வளவுதான். அங்கே வெள்ளம் என்பது வெறும் தண்ணீர். மலையாளத்தில் இன்றும் குடிக்கிற தண்ணீருக்கு அதுதான் பெயர். கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள், ‘வெள்ளம்’ கேட்டு வாங்கிக் குடித்த கதையைச் சொல்வார்கள். அதே சொல் பழந்தமிழில் ஒரு பேரெண்ணுக்கும் பெயர். கோடிக்கெல்லாம் மேலே ஆம்பல், சங்கம், வெள்ளம் என்று போகும். கம்பர் சேதுக்கரைக்கு வந்த வானரப் படையை ‘எழுபது வெள்ளம்’ என்று எண்ணுகிறார். ஆங்கிலத்தில் சனக் கூட்டத்தை ஃப்ளட் என்பதும் தமிழில் படையை வெள்ளத்தால் எண்ணுவதும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை இல்லை. பெருகி வருகிற தண்ணீரைப் பார்த்த மனிதர்களுக்கு இரண்டு இடத்திலும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் வெள்ளம் என்பது பயமுறுத்துகிற சொல் மட்டுமில்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் “வைகையில வெள்ளம் வருதாம்” என்று யாராவது சொன்னால் டீக்கடையில் முகங்கள் மலரும். வைகை அணை 69 அடியைத் தொட்டு மூன்றாம் கட்ட அபாய எச்சரிக்கை கொடுத்தால், கீழே பெரிய கண்மாயை நம்பியிருக்கிறவர்களுக்கு அது நல்ல சேதியாகவும் இருக்கும். வரத்துக்கால் நனைந்து, கண்மாய் நிரம்பி, கலுங்கில் தண்ணீர் விழுந்து மறுகால் பாய்கிற சத்தத்தைக் கேட்கவே வண்டி கட்டிப் போன காலம் உண்டு. கரை உடைந்தால் அதற்கு எங்களிடம் தனிச் சொல் இருக்கிறது, ‘உடைப்பு’. செய்திகளில் எல்லாவற்றுக்கும் வெள்ளம் என்றே போட்டுவிடுவதால், வந்த தண்ணீரும் உடைத்த தண்ணீரும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் ஃப்ளட்டுக்கு அக்கம்பக்கத்துச் சொற்களும் உண்டு. ‘டெலூஜ்’ லத்தீனில் கழுவிக் கொண்டுபோவது என்ற வினையிலிருந்து வந்தது. ‘இனன்டேட்’ என்பதற்குள் அலையைக் குறிக்கிற ‘உண்டா’ இருக்கிறது. சூழ்ந்துகொள்வதற்கான ‘சரவுண்ட்’ என்பதிலும் அதே அலைதான். முதலில் அதற்கு மேலே வழிந்தோடுவது என்று பொருள். ‘ரவுண்ட்’ என்ற சொல்லின் ஓசை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ‘டாரன்ட்’ இன்னும் விசித்திரம். பாய்ந்து வருகிற வெள்ளத்துக்கான அந்தச் சொல், காயவைப்பது, வறுப்பது என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கொதித்துப் பொங்குவது வழியாகப் பொருள் நகர்ந்திருக்கிறது. தாகத்துக்கான ஆங்கிலச் சொல் ‘தர்ஸ்ட்’டும் அதே வேர். தாகமும் காட்டாறும் ஒரே வேரில் இருப்பது இராமநாதபுரத்துக்காரர்களுக்குப் புதுசாகத் தெரியாது.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது கடலேற்றம் இல்லை. அன்றைக்குப் புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல் அது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கொண்டுபோனது. ஆங்கிலத்தில் முறையான பெயர் ‘ஸ்டார்ம் சர்ஜ்’. பழைய செய்திகளில் ‘டைடல் வேவ்’ என்று எழுதினார்கள். டைடுக்கும் அதற்கும் தொடர்பு இல்லாததால் இப்போது அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை வெள்ளம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. “கடல் ஏறி வந்துருச்சு” என்பார்கள். நிலத்தைக் கடல் எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் ‘கடல்கோள்’ என்று பழைய சொல் இருக்கிறது. ஊரே போன அந்த இரவுக்கு அந்தச் சொல்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வரிக்குத் திரும்புகிறேன். மீனவர்களுக்கான ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் ‘ஃப்ளட் டைட்’ என்பதை ‘வெள்ள அலை’ என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். படித்ததும் மனது கஷ்டப்பட்டது. படகில் போகிறவர் அதைப் படித்தால் கரைக்கு ஓடத்தான் செய்வார். கடலேற்றத்துக்குச் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் ‘ஓதம்’ என்ற சொல் இருக்கிறது. கடலை விட்டு அது வீட்டுக்குள் வந்துவிட்டது. மழைக்காலத்தில் சுவரின் அடியில் கறுப்பாக ஈரம் மேலே ஏறுமே, அதைத்தான் ‘சுவத்துல ஓதம் ஏறுது’ என்கிறோம். கீழிருந்து சத்தமில்லாமல் மேலே வருகிற தண்ணீர் என்ற பொருள் அதில் கொஞ்சமும் கெடவில்லை. எழுத்தில் கம்பீரமாக வேண்டுமென்றால் ஓதம் என்று எழுதலாம். படகுக்காரர் படிப்பதற்கு என்றால் நான் ‘நீரேற்றம்’ என்றுதான் எழுதுவேன்.

ஆக, உங்கள் வரி ‘காலை 4.10க்கு நீர் ஏறத் தொடங்கும்’. பக்கத்துக் கட்டத்தில் ‘எப்’ என்று வந்தால் ‘நீர் வத்தத் தொடங்கும்’. ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் இடையில் வருகிற சிறு நேரத்தை ‘ஸ்லாக்’ என்று போட்டிருப்பார்கள். நவபாஷாணக் கல்லில் பாசியின் விளிம்பும் தண்ணீரின் விளிம்பும் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தை எங்கள் ஊரில் “தண்ணி நிக்குது” என்போம்.